உடைக்க ஒரு நல்ல நாள்

தவராசா வீட்டில் எந்த ஒப்பேரா இசை நாடகத்துக்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. மேடைக்கு அவர் என்னத்தைச் செய்து கொடுத்தாரோ அதுதான் பெயர். வரிசையாகக் கதவு வைத்துச் செய்தது 'கதவு'. சிப்பாய்கள் ஏறி இறங்கிப் பாடிப் பாடியே செத்துப்போகிறது 'படி'. ஒரு கிழவன் தோணிக்குள் இருந்து கடைசிவரைக்கும் அழுகிறது 'தோணி'. இத்தாலிக்காரன் எழுதினாலென்ன, செக் நாட்டுக்காரன் எழுதினாலென்ன, லண்டன் மனோர் பார்க்கில் அந்த வீட்டுச் சமையல் குசினிக்குள் வந்தால் அவை கதவும் படியும் தோணியும்தான்.

நான் பரமேஸ்வரன், அடுத்த வீட்டுக்காரன். பஸ் ஓட்டுகிறேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை என்பதால் பாதி நாட்களில் எனக்குச் சாப்பாடு தவராசா வீட்டில்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவருடைய மகன் கௌசிகன் குரல் பழகினால் இந்தப் பக்கம் நான் டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பேன். விளங்கிக் கேட்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் பாடினால் எனக்கு நெஞ்சு நிறையும், அவ்வளவுதான்.

தவராசா ஜெர்மனியில் மரவேலை படித்தவர். அகதியாகப் போய், அங்கே ஒரு சின்ன நகரத்தில் முறையாகப் பயிற்சி எடுத்து, வெள்ளைக்காரனுக்கு யன்னலும் அலுமாரியும் செய்து கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று மனைவி சுசிலா பிடித்த பிடியில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள். அப்போது கௌசிகன் சின்னப் பெடியன், தங்கச்சி லக்‌ஷிகா கைக்குழந்தை.

"இங்கிலீசு படிக்கவேணுமெண்டு அந்த நாட்டை விட்டு ஓடி வந்தம்" என்று சுசிலா சொல்லுவா. "உவன் இப்ப மேடையில ஏறி நிண்டு திரும்பவும் ஜெர்மன் பாசையிலயெல்லோ கத்துறான்."

பகிடியாகச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் நோவு இருந்தது. கௌசிகன் பார்மசி படித்து முடித்தவன். வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவன், இரண்டு வருடத்துக்கு முன்னர் அதை விட்டுவிட்டு ஈஸ்ட்வேல் ஒப்பேரா என்ற கொம்பனியில், கூட்டமாக நின்று பாடுகிற கோரசில் சேர்ந்தான். அது தலைநகரத்துப் பெரிய கொம்பனி இல்லை. கிழக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கும் சந்தை நகரங்களுக்கும் லொறியில் மேடையை ஏற்றிக்கொண்டு போய்ப் பாடுகிற மாகாணக் கொம்பனி. பட்டறை மட்டும் வால்தம்ஸ்டோவில். அந்தப் பட்டறையில்தான் தவராசாவும் வேலை. தகப்பன் செய்த படியில் மகன் ஏறி நின்று பாடுவான். கோரசுக்குச் சீசனுக்குச் சீசன்தான் ஒப்பந்தம் என்பதால் இடைப்பட்ட நாட்களில் அங்கே இங்கே பார்மசிகளில் ஆள் இல்லாத இடத்துக்குப் போய் நின்று சமாளித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெப்ரவரியில்தான் பிரச்சினை வந்தது. வெம்பிளியில் பார்மசி வைத்திருக்கிற சண்முகராசா, சுசிலாவின் ஊர்க்காரர், கௌசிகனைக் கூப்பிட்டார். கடையை முழுதாகப் பொறுப்பெடுத்து நடத்து, பிறகு பங்காளியாகவும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். படித்து முடித்த கையோடு அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். சும்மா தூக்கி எறிந்து பேசக்கூடிய மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வாறன், அன்றைக்கு ஒரு பதிலைச் சொல் தம்பி என்று சொல்லிவிட்டார். ஒப்பேராக் கொம்பனியோ அடுத்த சீசனில் என்னென்ன போடப்போகிறது என்பதை மார்ச்சில்தான் அறிவிக்கும். அதற்கு முதல் ஒருவருக்கும் வாய் திறக்காது.

கௌசிகன் எதிர்பார்த்துக் கொண்டிருந்தது 'கிணறு'.

கிணறு என்பது தவராசா அந்தக் கொம்பனிக்குச் செய்த முதல் சாமான். கதை இதுதான். ஒரு கடற்கரை ஊரில் கிணற்றுத் தண்ணீர் உவராகிப் போகிறது. நிலச் சொந்தக்காரன் ஒரு கிணறு வெட்டுகிறவனைக் கூட்டிவந்து இன்னும் ஆழமாக இறக்குகிறான். வெட்டுகிறவன் உள்ளே இறங்கி நின்று அடியிலிருந்து பாடுகிறான். அவன் பாடி முடிக்கிறபோது மேலே நின்று பாடுகிற ஊர்ச்சனத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டு நிற்பார்கள், நல்ல தண்ணீர் வந்துவிடும். வருடக்கணக்கில் அதைத் திரும்பப் போடவில்லை. கொம்பனியின் இசை நடத்துநர் அம்மா ஒருநாள் கௌசிகனிடம், கிணற்றைத் திரும்ப எடுத்தால் உள்ளே இறங்குகிற ஆள் நீதான் என்று சொல்லியிருந்தா. சுருக்கமாகச் சொன்னால், கிணறு வந்தால் அவன் பின்வரிசையை விட்டு முதல் பாகம் பாட முன்னுக்கு வருவான்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் போனபோது வெளியே தூறல். சுசிலா ஈஸ்ட்ஹாமில் வாங்கின முருங்கை இலையை மேசை முழுக்கப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தா. பள்ளிக்கூடக் குசினியில் பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. தவராசா கதவைத் திறந்துகொண்டு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அடுத்த சீசன் கிணறுதான்" என்றார்.

"ஆர் சொன்னது?" சுசிலா நிமிரவில்லை.

"ஆரும் சொல்லவேணுமோ? கொலின் இண்டைக்கு என்னட்டை நல்ல நாள் கேட்டவன்."

இதற்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். கொலின்தான் பட்டறைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிணற்றுக்கு முதல் மரம் அறுக்கிற அன்றைக்கு, தவராசா யாருக்கும் சொல்லாமல் மரத்துக்குச் சந்தனம் வைத்து ஒரு கட்டிக் கற்பூரமும் கொளுத்திவிட்டார். அலாரம் அடித்து, எல்லாரும் மழைக்குள் நின்று, தீயணைப்பு வண்டியும் வந்துபோயிற்று. வேலை போகப்போகிறது என்றுதான் இவர் நினைத்தார். கொலின் கூப்பிட்டு என்ன ஏதென்று ஆறுதலாக விசாரித்தான். நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்துத்தான் எங்கள் ஆட்கள் ஒரு வேலையைத் தொடங்குவார்கள் என்று இவர் சொல்ல, அவன் கற்பூரத்தை மட்டும் தடுத்துவிட்டு மற்றதற்கெல்லாம் தலையாட்டினான். அந்தக் கிணறு நன்றாக ஓடியது. பேப்பர்க்காரர்கூட மேடையைப் புகழ்ந்து எழுதினார்கள். அன்றிலிருந்து எந்தப் புதுவேலைக்கும் கொலின் இவரிடம் நாள் கேட்பான். சந்தனம், ஒரு தேசிக்காய், பிறகுதான் மரம் அறுக்கிற வாள் ஓடும்.

"நாள் கேட்டால் கிணறோ?" என்றா சுசிலா. "படிக்கும் கேட்டவன், கதவுக்கும் கேட்டவன்."

"பொறும், முழுக்கக் கேளும். ஸ்டோரில கிடந்த கிணத்தை லொறியில ஏத்திக்கொண்டு வந்து பட்டறை நடுவில வைச்சிருக்கிறான். வைச்சுப்போட்டு, 'ராஜா, கிணத்து வேலை துவங்கவேணும், நாள் சொல்லு' எண்டு கேட்டவன். இனி என்ன வேணும் உமக்கு?"

நான் சுசிலாவைப் பார்த்தேன். கை ஒரு கணம் இலையில் நின்றது.

லக்‌ஷிகா மாடிப்படியில் இருந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கத்தினாள். "அப்பா, இன்னொண்டு! அந்த டெனர் இருக்கிறாரெல்லோ, பழைய கிணத்தில லாண்ட்லோர்டாப் பாடினவர். அவரிண்ட வெப்சைட்ல அடுத்த ஒக்டோபர் முழுக்க பிளாங்க். 'பிறகு அறிவிக்கப்படும்' எண்டு மட்டும் கிடக்கு."

"பாத்தீரோ!" தவராசா மேசையில் தட்டினார். இலைகள் பறந்தன.

"அந்தாள் லீவு எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போறானோ ஆருக்குத் தெரியும்" என்றா சுசிலா.

அப்போதுதான் கௌசிகன் மேலிருந்து இறங்கி வந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், அந்த வீட்டுப் படியில் தலையைக் குனிந்துதான் இறங்கவேண்டும். "இசை நடத்துற கொண்டக்டரும் போன கிழமை என்னைப் பாத்துச் சிரிச்சவ, அம்மா" என்றான்.

"சிரிச்சதுக்கெல்லாம் நாடகம் போடுவினமோ? நான் பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் எத்தினை பேரைப் பாத்துச் சிரிக்கிறன்."

"இந்த முறை வருமம்மா. அப்பா கிணத்தைக் கண்ணால கண்டிருக்கிறார்."

"ஆழம் தெரியாமல் காலை விடாதை, தம்பி. சண்முகராசா அண்ணை ஒருக்காத்தான் கேட்பார்."

"ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நானே சொல்லுறன்" என்றான். "கிணத்தில எனக்கு முதல் பாகம் இருக்கு, ஆனபடியால் வரேலாது எண்டு. அவர் விளங்கிக்கொள்ளுவார்."

தவராசா பஞ்சாங்கத்தை எடுத்து வியாழக்கிழமை காலையைத் தெரிவுசெய்தார். எட்டு மணிக்குப் பிறகு நல்ல நேரம் என்று கொலினுக்குப் போனில் செய்தியும் அனுப்பிவிட்டார். அந்த மனுசனின் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கவேண்டும். ஒப்பேராக் கொம்பனியே இவரிடம் கேட்டுத்தான் சீசனைத் தீர்மானிக்கிறதோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. எதிலும் அப்படித்தான். மழை வராது என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டு வருவார். நனைந்தும் இது மழை இல்லை, பனி என்பார்.

சுசிலா இலையைத் திரும்பக் கூட்டி எடுத்தா. "ஒருவேளை உண்மையாவும் இருக்கும்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னா. "அப்பிடியெண்டால் நான் குறுக்கை நிக்கேல்ல, பரமண்ணை. கடைசி வரைக்கும் கூட்டத்துக்குள்ள நிண்டு கத்தத்தான் இவ்வளவு படிச்சவனோ எண்டதுதான் என்ர கவலை."

வியாழக்கிழமை பின்னேரம் தவராசா என் பஸ்ஸில் ஏறினார். வழக்கமாக ஏறினால் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, நான் ஓட்டும்போது கதைக்கக்கூடாது என்று தெரிந்தும் கதைத்துக்கொண்டே வருவார். அன்றைக்குக் கார்ட்டைத் தொட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே மேல்தட்டுக்கு ஏறிப்போனார். முழங்கால் நோவுக்காரர். மேல்தட்டுக்கு அவர் ஏறி நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கிணற்று வேலை எந்த மட்டில் என்று கௌசிகன் கேட்டதற்கு "நடக்குது, நடக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம்.

சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ச் ரோட் முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து, பிரசாதப் புக்கை வாங்குகிற வரிசையில் நிற்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பரமு, கிணத்தை உடைச்சுப்போட்டன்."

எனக்கு விளங்கவில்லை. "விழுத்திப்போட்டீரோ?"

"விழுத்தேல்ல. அரிஞ்சனான். அவ்வளவத்தையும் நான்தான் அரிஞ்சு குப்பைத் தொட்டிக்குள்ள எறிஞ்சனான்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சப்பாத்து வைக்கிற பக்கம் ஒதுங்கினோம். வெளியே குளிர் காற்று கதவு திறக்கும் நேரமெல்லாம் உள்ளே வந்து போனது. அவர் புக்கையைத் தொடாமல் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார்.

"சந்தனம் வைச்சன். தேசிக்காய் வெட்டி வைச்சன். கொலினும் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டவன். பேந்து வாளை என்ர கையில தந்தவன். எங்கை திருத்தவேணும் எண்டு கேட்டன். பலகை ஒண்டு உக்கியிருந்தது, அதைத்தான் மாத்தச் சொல்லுறான் எண்டு நினைச்சன். 'திருத்த இல்லை ராஜா, ஸ்டோர் வாடகை கூடிப்போச்சு, பழசுகளைக் கழிக்கச் சொல்லிப்போட்டினம்' எண்டான்."

"உடைக்கவோ உம்மட்டை நாள் கேட்டவன்?"

"ஓம். அவன் மரியாதைக்குக் கேட்டிருக்கிறான், பாவம். நான் நாள் வைச்சுத் துவங்கின சாமான். அதை நாள் பாக்காமல் உடைச்சால் என்ர மனம் நோகுமெண்டு நினைச்சிருக்கிறான். நாங்கள் கட்டத்தானே நாள் பாக்கிறனாங்கள். உடைக்க ஆர் நாள் பாக்கிறது? எனக்கு அந்த யோசினையே வரேல்ல, பரமு."

வெட்டின விதத்தையும் சொன்னார். வெளியே கல்லுப் போலத் தெரியும், உள்ளே மெல்லிய பலகையை வளைத்து வளைத்து ஆணியடித்தது. வளைவுக்காக அந்தப் பலகையை ஈரத்தில் ஊறவைத்து இரண்டு பேராகப் பிடித்து மடக்கினது அவருக்கு இன்னும் நினைவு. பாடுகிறவன் இறங்க உள்ளே ஒரு ஏணி, அவன் மூச்சு விட மறைவாக ஒரு ஓட்டை. ஏணியை மட்டும் கொலின் எடுத்து வைக்கச் சொன்னானாம், எதற்காவது உதவும் என்று.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப வியாழக்கிழமையே பெடியனுக்குச் சொல்லியிருக்கலாமே! நாளைக்கு அவன் கிணறு கிணறு எண்டு சொல்லி அந்த வேலையை வேண்டாமெண்டப்போறான். உம்மட வாயாலயெல்லோ இவ்வளவும் வந்தது?"

"சொல்லத்தான் போனனான். அவன் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு அந்தப் பாட்டைப் பழகிக்கொண்டு நிண்டவன். எனக்கு வாய் வரேல்ல."

"இண்டைக்குச் சொல்லும்."

"சொல்லுறன்."

சொல்லவில்லை. அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் கௌசிகன் கிணற்றுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். நான் டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகராசா சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். நல்ல கம்பளிக் கோட்டு, கையில் ஒரு பெட்டி திராட்சை. சப்பாத்தை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்தார். சுசிலா காலையிலிருந்து நின்று சமைத்திருந்தா. நண்டுக்கறி, முருங்கை இலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. நண்டுக்கறியில் மிளகு கொஞ்சம் தூக்கல். பதற்றமாக இருந்தால் சுசிலாவின் கைக்கு மிளகு அளவு தெரியாது.

"சுசிலாவின்ர நண்டைச் சாப்பிட்டால் வெம்பிளியில ஒருத்தரும் சாப்பாட்டுக் கடை வைக்கேலாது" என்று சொல்லிச் சிரித்தார் சண்முகராசா. பிறகு விரலை நக்கிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "தம்பி கௌசிகன், உன்னைப் பாடவேண்டாமெண்டு நான் சொல்லேல்ல. சனி ஞாயிறில பாடு. கோயில் திருவிழாவில பாடு. நானே மைக் பிடிச்சுத் தாறன். ஆனால் எனக்கு நம்பிக்கையான ஒரு ஆள் வேணும். நீ பொறுமைசாலி. கிழடுகள் மருந்துச் சீட்டோட வந்து நிண்டு தங்கட கதையெல்லாம் சொல்லேக்கை நீ நிண்டு கேட்ட மாதிரி ஒருத்தனும் கேட்கிறானில்லை."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் மறுத்துச் சொல்வது கடினமாக இருந்தது.

கௌசிகன் தண்ணீரைக் குடித்தான். "மாமா, உங்களை நான் எப்பவும் மறக்கமாட்டன். ஆனால் அடுத்த சீசனில கிணறு..."

"பொறு, தம்பி" என்றார் தவராசா.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் சோற்றுக் கையைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கிணறு இல்லை. வியாழக்கிழமை நான்தான் அதை உடைச்சனான். அவன் நாள் கேட்டது உடைக்கத்தான். நான் பிழையா விளங்கிக்கொண்டு உங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உடைச்ச அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். எனக்கு வெக்கமாப் போச்சு."

லக்‌ஷிகா "ஓ மை கோட், அப்பா" என்றாள்.  

சண்முகராசா நல்ல மனிதர், ஆனால் வாயை அடக்கத் தெரியாது. "கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறன். இது கிணத்தையே அல்லோ வெட்டிப்போட்டியள்" என்று சொல்லி மெல்லச் சிரித்தார். "உடைக்கிறதுக்கும் நாள் பாத்துக் குடுத்த முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பியள், தவராசா."

தவராசா தலையைக் குனிந்தார். அவர் குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அந்தக் கோட்டுக்கார மனிதர்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் என்னைவிட முன்னுக்கு எரிச்சல் வந்தது சுசிலாவுக்கு.

"ஏன் அண்ணை சிரிக்கிறியள்?" என்றா, அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு. "கோயில்ல பாலஸ்தாபனத்துக்கு நாள் பாக்கிறேல்லையோ? சாமியை எடுத்து வேற இடத்தில வைச்சுப்போட்டுப் பழசைக் கழட்டுறது நாள் பாத்துத்தானே? பழசைக் கழட்டாமல் கும்பாபிஷேகம் எப்பிடி நடக்கும்? உக்கின கிணத்தை வைச்சுக்கொண்டு புதுக் கிணறு கட்டேலுமோ? இவர் செய்த அலுவலில ஒரு பிழையும் இல்லை. அடுத்த சீசனுக்குப் புதுக் கிணறு வருதோ இல்லையோ பாருங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறோம் என்று அவவுக்கே விளங்கியது. இவ்வளவு நாளும் கிணறு வராது, வராது என்று நின்றவ, இப்போது புருசனின் மானத்தைக் காப்பாற்ற வெறும் கையால் புதுக் கிணறே கட்டிவிட்டா. நாங்கள் எல்லோரும் அவவைப் பார்த்தோம். அவ சொதிப் பாத்திரத்தைப் பார்த்தா.

கௌசிகன் சிரித்துவிட்டான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"மாமா," என்றான், "நான் வரேல்ல."

"அம்மா சொல்லுறதை நம்பியோ?" என்றார் சண்முகராசா. "ஸ்டோர் வாடகைக்கு உடைச்சதை?"

"இல்லை மாமா. கிணறு வராது. எனக்கு விளங்குது. வாடகை கட்டேலாத கொம்பனி புதுசாக் கட்டாது. அடுத்த சீசனில மூண்டு கதிரையும் ஒரு பியானோவும் வைச்சு ஏதாவது போடுவாங்கள். அதுக்கும் கோரஸ் வேணும். நான் அங்கைதான் நிப்பன்."

"பின்வரிசையிலயோ?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்குத் தம்பி?"

 கௌசிகன் கையில் இருந்த நண்டுக் காலைக் கோப்பையில் வைத்தான். அவன் தாயைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அம்மா, நான் ஒருநாளும் கிணத்துக்காக நிண்டதில்லை. முதல் பாகம் வருமெண்டு சொன்னால்தான் நீங்கள் விடுவியள் எண்டு நினைச்சன். அதுதான் அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பின்வரிசை எனக்குக் காணும் எண்டு சொன்னால் ஆர் கேப்பினம்? இவ்வளவு படிச்சுப்போட்டுக் கூட்டத்துக்குள்ள நிண்டு வாயைத் திறக்கிறான் எண்டு சொல்லுவினம். எனக்கு அதுதான் விருப்பம், அம்மா. எல்லாரும் சேந்து ஒரே மூச்சில எடுக்கேக்கை உடம்பு முழுக்க அதிரும். என்ர குரல் எது, பக்கத்தில நிக்கிறவன்ர குரல் எது எண்டு தெரியாது. அந்தச் சந்தோசம் எனக்கு வேற ஒண்டிலயும் வரேல்ல. கிணத்துக்குள்ள தனிய இறங்கி நிண்டு பாடச் சொன்னால் பாடுவன். ஆனால் மேலை நிண்டு பாடுறவைக்கு உள்ளதுதான் எனக்கு வேணும்."

அவன் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. தவராசா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் அவர் யோசிக்கவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுசிலா எழுந்து அடுப்படிக்குப் போனா. போய் நின்ற இடத்தில் நின்றா. அடுப்பில் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி வந்து, சண்முகராசாவின் கோப்பையில் இன்னொரு அகப்பை நண்டு போட்டா.

சண்முகராசா பெருமூச்சு விட்டார். அவருக்கு ஏமாற்றம்தான், அதை ஒளிக்கவில்லை. "அப்ப நான் வேற ஆளைப் பாக்கவோ, சுசிலா?" என்று கேட்டார். கௌசிகனிடம் கேட்கவில்லை, தாயிடம் கேட்டார். அவ வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால், ஒரு கிழமை பொறுங்கள் என்று கேட்டால், அவர் பொறுப்பார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பாருங்கோ அண்ணை" என்றா சுசிலா. "நல்ல பிள்ளையாக் கிடைக்கும் உங்களுக்கு."

தவராசா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு அலுவல் அண்ணை" என்றா அவ. "மார்ச்சில சீசனை அறிவிப்பினம். அறிவிச்ச உடனே உங்கட வீட்டு ஆக்கள் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்து வையுங்கோ. இருந்து பாத்துப்போட்டுக் கதையுங்கோ."

"என்ன நாடகமெண்டே தெரியாமலோ?"

"எதெண்டால் என்ன? எந்த நாடகத்திலயும் இவனைப் பின்னுக்குத்தான் விடுறவங்கள். கீழை எடுக்காதேங்கோ அண்ணை, முன்னுக்கு நிக்கிறவை மறைச்சுப்போடுவினம். மேல் மாடியில, இடக்கைப் பக்கம், கரையில இருக்கிற சீற்றுகளாப் பாத்து எடுங்கோ. அங்கையிருந்துதான் இவன்ர முகம் வடிவாத் தெரியும்."